தனிக்குரலின் எல்லை: ஏ. எஃப். எஸ். தல்யார்கானின் வானொலி வாழ்வு – கொங்கு வாய்மொழி மரபின் வழியான ஒரு பார்வை

திறவுச்சொற்கள்: நேர்முக வருணனை, வானொலி, தல்யார்கான், அண்ணன்மார் கதை, உடுக்கைப் பாட்டு, கொங்கு நாடு, வினையெச்சத் தொடர்

முன்னுரை

களத்தில் நிகழ்ந்ததைக் காணாதவர்க்குக் கண்டவர் எடுத்துரைக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. கலிங்கத்துப்பரணியில் போர் நிகழ்ச்சிகளைக் காளிக்குக் கூளி விரித்துரைக்கிறது. அப்பகுதியின் பெயரே 'காளிக்குக் கூளி கூறியது' என்பதாகும். தெருக்கூத்தின் கட்டியங்காரன் மேடைக்கு வருவோரை அறிவிப்பதோடு, மேடையில் நிகழ்வதற்கு அவையோருக்குப் பொருளும் கூறுகிறான். கொங்கு நாட்டில் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடும் கலைஞர், பொன்னரும் சங்கரும் படுகளம் புகும் காட்சியைக் கேட்போர் கண்முன் நிறுத்துகிறார். இம்மூன்றிலும் களத்துக்கும் கேட்போருக்கும் இடையில் ஒரு குரல் நிற்கிறது. அக்குரல் தேர்ந்தெடுத்துத் தருவதே கேட்போருக்குக் களமாகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இப்பணியின் ஒரு பகுதியை வானொலியின் விளையாட்டு நேர்முக வருணனை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அதனைத் தொடங்கிவைத்தவராக அறியப்படுபவர் பாபி என்று அழைக்கப்பட்ட அர்தேஷிர் ஃபர்தோர்ஜி சொராப்ஜி தல்யார்கான் (1897–1990). அவர் பம்பாய்ப் பார்சி. பேசிய மொழி ஆங்கிலம். கொங்கு நாட்டோடு பிறப்பாலோ தொழிலாலோ தொடர்பற்றவர். ஆயினும் அவர் வாழ்வின் மையத்தில் உள்ள வினா, வாய்மொழிக் கதையாடலை ஆராய்வோர் அனைவருக்கும் உரியது. ஒரு நிகழ்வைச் சொல்லும் உரிமை ஒரு குரலுக்கு மட்டும் உரியதா, பல குரல்கள் பகிர்ந்துகொள்ளத் தக்கதா என்பதே அது. இவ்வினாவுக்கு அவர் அளித்த விடை, புகழின் உச்சத்தில் அவருடைய ஒலிவாங்கியையே பறித்துக்கொண்டது. அவ்வாழ்வைக் கொங்கு வாய்மொழி மரபோடு ஒப்புவைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிபரப்பின் தொடக்கக் காலம்

தல்யார்கான் பிறந்த 1897இல் வானொலி ஒலிபரப்பு என்பதே உலகில் இல்லை. அவர் முப்பது வயதை எட்டிய 1927இல்தான் இந்திய ஒலிபரப்புக் கழகம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்தது. அதே ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் எசெக்ஸ் அணியும் நியூசிலாந்து அணியும் லெய்ட்டன் மைதானத்தில் ஆடியபோது, கில்லிங்ஹாம் என்னும் பாதிரியார் பி.பி.சி.க்காக ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். நாள் முழுதும் பேசும் வழக்கம் அப்போது உருவாகவில்லை. இடையிடையே சில நிமிடங்கள் நிலவரம் சொல்லப்பட்டது. கிரிக்கெட் மிக மெதுவாக நகரும் ஆட்டம், அதனைத் தொடர்ந்து பேசிக் கேட்போரைப் பிடித்துவைக்க முடியாது என்ற ஐயம் ஒலிபரப்பாளரிடையே நெடுநாள் நீடித்தது.

இந்திய ஒலிபரப்புக் கழகம் மூன்றே ஆண்டுகளில் நொடித்துப்போனது. 1930இல் அரசு அதனை ஏற்று இந்திய அரசு ஒலிபரப்புப் பணி எனப் பெயரிட்டது. 1936இல் அது ஆல் இந்தியா ரேடியோ ஆயிற்று. இப்பெயர் மாற்றத்துக்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1934இல், பம்பாய் எஸ்பிளனேடு மைதானத்தில் பார்சிகளும் முஸ்லிம்களும் மோதிய நால்முனைப் போட்டி ஆட்டத்தைத் தல்யார்கான் வருணித்தார். இந்திய வானொலியில் கிரிக்கெட் நேர்முக வருணனையின் தொடக்கமாக இதுவே கொள்ளப்படுகிறது. அப்போது அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அத்தொழிலுக்குப் பயிற்சிப் பள்ளியோ, பின்பற்றத்தக்க முன்னோரோ, எழுதிவைத்த விதிகளோ இந்தியாவில் இல்லை. ஆகவே அவர் கைக்கொண்ட முறையே விதியாக நின்றது.

அவர் பேசிய களத்தின் இயல்பும் கருதத்தக்கது. பம்பாய் நால்முனைப் போட்டியில் ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என இனமும் சமயமுமே அணிகளாயின. 1937இல் எஞ்சிய சமூகத்தாருக்கென 'தி ரெஸ்ட்' என்ற ஐந்தாம் அணி சேர்க்கப்பட்டு ஐம்முனைப் போட்டியாக அது விரிந்தது. சென்னையில் பொங்கலையொட்டி நடந்துவந்த மாகாண ஆட்டத்திலும் ஐரோப்பியர், இந்தியர் என்ற பிரிவினையே அடிப்படை. பம்பாய்ப் போட்டி நாட்டைப் பிளக்கும் என்ற எதிர்ப்பு வலுத்தது. 1940இல் காந்தியடிகளும் சமூக அடிப்படையிலான அணிகள் கூடாதென்று கருத்துரைத்தார். 1946க்குப் பின் அப்போட்டி நின்றுபோனது. ஒரு சமூகத்தார் கூடாரத்தில் ஆரவாரமும் மறு சமூகத்தார் கூடாரத்தில் அமைதியும் நிலவும் களத்திலிருந்து, பார்சி ஒருவர் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவான வருணனை தரவேண்டியிருந்தது. அரங்கில் அமர்ந்தோர் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது. வானொலி கேட்போர் எங்கிருந்து கேட்கிறார், எவர் பக்கம் சாய்கிறார் என்பது பேசுவோருக்குத் தெரியாது. முகம் காணாத பல சமூகத்தாரை ஒரே அவையாகக் கருதிப் பேசும் தேவை இந்தியாவில் முதன்முதல் எழுந்த இடங்களுள் ஒன்றாக இவ்வொலிவாங்கியைக் கொள்ளலாம்.

தனிக்குரல்

தல்யார்கானின் தனித்தன்மையாகக் கிரிக்கெட் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்துச் சுட்டுவது, அவர் எவரோடும் ஒலிவாங்கியைப் பகிராமையாகும். ஆட்டம் தொடங்கியது முதல் நாள் முடியும்வரை அவரே பேசினார். உணவு இடைவேளையும் தேநீர் இடைவேளையுமே அவருக்கு ஓய்வு. ராமச்சந்திர குஹா தம் கிரிக்கெட் வரலாற்று நூல்களில் அவருடைய செழித்த குரலையும் சொல்வளத்தையும் வியந்து எழுதியிருப்பதோடு, நாள் முழுதும் இருக்கையை விட்டு எழாத அவரது உடற்கட்டுப்பாட்டையும் நகைச்சுவையோடு குறித்துள்ளார்.

இத்திறத்தின் அருமையை ஆட்டத்தின் காலக்கணக்கு உணர்த்தும். பந்து வீசப்பட்டு, அடிக்கப்பட்டு, தடுக்கப்படும் செயல் சில நொடிகளில் முடிந்துவிடும். வீச்சாளர் திரும்பி நடந்து தம் ஓட்டத்தைத் தொடங்கும்வரை களத்தில் எதுவும் நிகழ்வதில்லை. ஆக, வருணனையாளர் பேசும் நேரத்தில் பெரும்பகுதி நிகழ்வு இல்லாத நேரமேயாகும். அவ்வெற்றிடத்தைக் காவலர் நிற்கும் இடம், ஆடுகளத்தின் தன்மை, ஆடுவோரின் முன்வரலாறு, கூட்டத்தின் மனநிலை, வானிலை ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். மூவர் இருப்பின் ஒருவர் நிரப்ப, மற்றவர் அடுத்த செய்தியை எண்ணிக்கொள்ளலாம். தனியொருவருக்கு அவ்வசதி இல்லை. களத்தைக் காண்பது, காண்பதைச் சொல்வது, அடுத்துச் சொல்லவிருப்பதைத் தேடுவது என மூன்றையும் அவர் ஒருசேரச் செய்தாக வேண்டும்.

ஐம்முனைப் போட்டியின் காலம் நீண்ட ஆட்டங்களின் காலமாகும். 1943 இறுதியில் பிரேபோர்ன் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் இந்து அணி 5 விக்கெட்டுக்கு 581 ஓட்டங்கள் குவித்தது. விஜய் மெர்ச்சன்ட் ஆட்டமிழக்காமல் 250 எடுத்தார். எதிர்த்தாடிய 'தி ரெஸ்ட்' அணி இரண்டாம் முறை எடுத்த 387இல் விஜய் ஹசாரே ஒருவரது பங்கு மட்டும் 309. மறுமுனையில் நின்ற அவர் தம்பி விவேக் ஹசாரே பெரும்பாலும் பந்தைத் தடுத்துக்கொண்டே இருந்தார். இத்தகைய ஆட்டத்தில் நிகழ்ச்சிகள் குறைவு, பொறுமையே நிகழ்ச்சி. அக்காலப் பம்பாய்க் கிரிக்கெட்டின் இந்நிதானமான இயல்பே இடையறாத தனிக்குரலுக்கு இடமளித்தது எனலாம். இன்றைய இருபது ஓவர் ஆட்டத்தில் அம்முறை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

உடுக்கையும் பின்பாட்டும்

இவ்விடத்தில் கொங்கு மரபை அருகில் வைத்து நோக்கலாம். அண்ணன்மார் கதை ஓரிரவில் முடிவதன்று. பல இரவுகள் தொடர்ந்து பாடப்படுவது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். சக்திக்கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதை 1971இல் அச்சேறியது. பாடலும் உரையும் விரவி வரும் இந்நிகழ்த்துதலில் முதன்மைக் கலைஞரே கதையைக் கொண்டுசெல்கிறார் என்றாலும், அவர் அருகே துணைக்கலைஞர் ஒருவர் உண்டு. அவர் அடியை வாங்கிப் பாடுகிறார், ஆமோதிக்கிறார், இடையில் வினாவெழுப்பிக் கதையை முன்தள்ளுகிறார். முதன்மைக் கலைஞர் மூச்சு வாங்கும் நேரமும் அடுத்த நிகழ்ச்சியை நினைவில் எடுக்கும் நேரமும் இத்துணைக்குரலால்தான் கிடைக்கின்றன. வில்லுப்பாட்டிலும் ஆமாம் போடுவோர் செய்வது இதனையே.

தமிழ் வாய்மொழி மரபு இவ்வாறு தனிக்குரலை ஏற்றுக்கொண்டே அதற்கொரு துணையை அமைத்திருக்கிறது. கதையின் உரிமை ஒருவரிடம் இருக்க, அதன் ஓட்டத்தை இருவர் தாங்குகின்றனர். தல்யார்கான் இத்துணையையும் ஏற்கவில்லை. பம்பாய் வானொலி அவருக்கு அமைத்துக்கொடுத்த தனியிருக்கை, தொழிலின் இயற்கையிலேயே அமைந்ததென்று அவர் நம்பினார். பதினான்கு ஆண்டுகள் அந்நம்பிக்கையை மறுக்க எவரும் இல்லாமையும் இதற்குக் காரணமாகும்.

1948: விலகல்

விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்கில் இருந்தவை ஆறு வானொலி நிலையங்கள்: தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. புதிய அரசின் வானொலி, நாட்டின் பல பகுதிக் குரல்களுக்கும் இடமளிக்க வேண்டிய நிலையில் இருந்தது. 1948–49இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி முதன்முறையாக இந்தியாவுக்கு வந்து ஐந்து டெஸ்ட் ஆட்டங்கள் ஆடியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என ஆட்டங்கள் நகர, வருணனைக்கு மூவர் குழு அமைக்க வானொலி முடிவுசெய்தது. தல்யார்கான் இணங்கவில்லை. தாம் மட்டுமே பேச வேண்டும், இன்றேல் பேசுவதில்லை என்பது அவர் நிலைப்பாடு. வானொலி தன் முடிவில் நின்றது, அவர் விலகினார்.

இவ்விலகலைத் தற்பெருமையின் விளைவாக மட்டும் காண்பது வழக்கமாகிவிட்டது. தற்பெருமை இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அவர் தரப்பில் கலை சார்ந்த ஒரு காரணமும் உண்டு. தனியொருவர் காலையில் சொன்ன சிறு குறிப்பு, மாலையில் ஆட்டம் திரும்பும்போது பொருள் பெறும். காலை ஆட்டத்தில் நழுவவிட்ட பிடி ஒன்று மாலையில் சதமாக முடியும்போது, அவ்விரண்டையும் ஒரே மனம் இணைக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருவர் மாறினால் வருணனை துண்டுகளாகும், கதை நிற்காது. உடுக்கைப் பாட்டுக் கலைஞரிடம் ஓர் இரவின் நடுவே வேறொரு முதன்மைக் கலைஞரை அமர்த்தினால் அவரும் ஏற்கமாட்டார்.

ஆயினும் அவர் நிலைப்பாட்டின் குறை இங்கேதான் புலப்படுகிறது. அண்ணன்மார் கதையின் முடிவு பாடுவோருக்கும் கேட்போருக்கும் முன்பே தெரியும். எவரும் மெய்யை அறியப் பாட்டுக் கேட்பதில்லை. ஆட்டத்தின் முடிவோ எவருக்கும் தெரியாதது. தவறாகக் கண்டதைத் தனியொருவர் சொன்னால் திருத்துவதற்கு ஆளில்லை. பொது நிறுவனமான வானொலி, தன் நேயர்களின் கண்களை முழுதும் ஒருவரிடம் ஒப்படைக்க மறுத்தது முறையானதே. அத்தொடரின் இறுதி ஆட்டம் 1949 பிப்ரவரியில் பம்பாயில் நடந்தது. 361 ஓட்டங்கள் இலக்காக, இந்தியா 8 விக்கெட்டுக்கு 355 எடுத்திருந்தபோது, கடைசி ஓவர் நிறைவுறுமுன்னரே நடுவர் ஆட்டத்தை முடித்துவைத்தார். ஆறு ஓட்டங்களில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இழந்தது. தல்யார்கானின் சொந்த நகரில், அவர் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தாலும் கிடைத்திருக்கமுடியாத மாலை அது. அதனை நாட்டுக்குச் சொன்ன குரல்கள் பிறருடையவை.

எழுத்தில் தொடர்ந்த குரல்

அதன்பின் பெர்ரி சர்பாதிகாரி, விசியநகரத்து இளவல் விஸ்ஸி, பியர்சன் சுரிட்டா, ஆனந்த ராவ் முதலியோர் ஆங்கில வருணனையில் அறியப்பட்டனர். தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் சேர்ந்த பாலு அழகணன், 1954–55 பருவத்தில் சென்னை அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அதன் தலைவராக இருந்தவர். வருணனையாளர் என்பவர் களத்தில் ஆடியறிந்தவராகவும் இருக்கலாம், ஆடாத சொல்வல்லாராகவும் இருக்கலாம், இருவரும் அருகருகே அமரலாம் என்ற நிலை இக்குழுமுறையால்தான் உருவாயிற்று. தல்யார்கானின் தனியிருக்கை நீடித்திருப்பின் இவர்களுள் பலர் ஒலிவாங்கியை எட்டியிருக்க மாட்டார்கள்.

அதே 1954–55இல் இந்திய அணி பாகிஸ்தானுக்கு முதல் டெஸ்ட் பயணம் மேற்கொண்டபோது தல்யார்கான் மீண்டும் வானொலியில் பேசினார். ஐந்து ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்த தொடர் அது. அதன்பின் நீண்ட இடைவெளி. அவ்விடைவெளியை அவர் எழுத்தால் நிரப்பினார். பிளிட்ஸ் வார இதழில் 'நாக் அவுட்' என்ற பத்தியும், பிற்காலத்தில் மிட்-டே நாளிதழில் 'டேக் இட் ஃப்ரம் மீ' என்ற பத்தியும் எழுதினார். ஆட்ட நிர்வாகிகளைத் தயக்கமின்றிச் சாடிய பத்திகள் அவை. ஸ்டீவ் என்னும் கற்பனைக் கேட்பாளர் ஒருவரை விளித்து, தாம் சொல்வது விளங்குகிறதா என்று வினவும் வழக்கம் அவருடைய முத்திரையாயிற்று. பல்லாயிரம் பேரை நோக்கித் துணையின்றிப் பேசியவர், ஒலிவாங்கி இல்லாதபோது தாளிலேயே ஒரு துணைக்கேட்பாளரைப் படைத்துக்கொண்டார். உடுக்கைப் பாட்டின் துணைக்கலைஞர் அமரும் இடத்தில் ஸ்டீவை வைத்துப் பார்ப்பது மிகையாகாது.

1972–73இல் டோனி லூயிஸ் தலைமையில் இங்கிலாந்து அணி வந்தபோது, நாளின் ஆட்டத்தைத் தொகுத்துரைக்க வானொலி அவரை அழைத்தது. எழுபத்தைந்து வயதில் அவர் வந்தார். சென்னை ஆட்டம் உட்பட இரண்டில் வென்று இந்தியா தொடரைக் கைப்பற்றியது. பந்துக்குப் பந்து சொல்லும் வேலை இளையோருடையதாக இருக்க, முடிந்த நாளைப் பற்றிச் சில நிமிடம் பேசும் பணி அவருக்குரியதாயிற்று. அச்சில நிமிடங்களில் வேறு எவரும் குறுக்கிடவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். 1990 ஜூலை 13 அன்று, தொண்ணூறைக் கடந்த வயதில், பம்பாயில் அவர் காலமானார்.

கொங்கு நாட்டு வானொலிச் சூழலும் தமிழ் வருணனையும்

தல்யார்கான் ஒலிவாங்கியின் முன் அமர்ந்த அதே காலத்தில்தான் கோயம்புத்தூர் மின்சார நகரமாயிற்று. பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியதும் பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் மின்விசை இறைப்பு வந்தது. மின்சாரம் வந்த வீட்டில் வானொலிப் பெட்டி வைக்க இயன்றது. ஜி. டி. நாயுடு மலிவு விலையில் வானொலிப் பெட்டி தர முயன்றதும் இச்சூழலில்தான். பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தினர். வைத்திராதோர் பூங்காவிலும் தேநீர்க் கடையிலும் கேட்டனர். 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கின. பம்பாய்க்குச் சிற்றலை ஒலிபரப்பு வந்தபின், முள்ளைத் திருப்பிப் பொறுமையோடு தேடினால் அந்நகரக் குரலும் கரகரப்போடு கிடைக்கும் நிலை உண்டாயிற்று. ஆனால் அக்குரல் ஆங்கிலத்தில் பேசியது. ஆலைத் தொழிலாளிக்கும் தோட்டத்து உழவருக்கும் அது விளங்காத ஓசையே. கோயம்புத்தூருக்கெனத் தனி நிலையம் 1966இல்தான் அமைந்தது.

தமிழில் கிரிக்கெட் வருணனை வந்தபோது அது தொடக்கத்திலிருந்தே குழுப்பணியாக அமைந்தது. கூத்தபிரான், அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி ஆகியோர் ஒருவரையடுத்து ஒருவர் பேசினர். 1948இல் தல்யார்கான் மறுத்த முறை, தமிழ்க் கேட்போருக்கு வருணனை என்பதன் இயல்பான வடிவமாகவே அறிமுகமாயிற்று. நாடகமும் இலக்கியமும் அறிந்த இவர்கள் ஆங்கில வருணனையின் சொற்றொடரைப் பெயர்த்துச் சொல்லவில்லை; மட்டை, பந்து, ஓட்டம் என்பவற்றோடு விக்கெட், பவுண்டரி, ஸ்பின் ஆகியவற்றையும் தயக்கமின்றிக் கலந்து பேசினர்.

மொழியமைப்பு இங்கு ஒரு வாய்ப்பைத் தந்தது. ஆங்கிலத் தொடரில் வினை முன்னரே வந்துவிடுவதால், அடித்தார் என்பது முதலிலும் பந்து எங்கே சென்றது என்பது பின்னரும் வரும். தமிழில் முற்றுவினை இறுதியில் நிற்கும். ஓடிவந்து, வீச, முன்காலை வைத்து, மட்டையைச் சாய்த்து, இடைவெளியில் தள்ளி என வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுச் செல்ல, விளைவு கடைசிச் சொல்லில் வெளிப்படுகிறது. பந்து எல்லைக்கோட்டை அடைவதும் தொடர் முற்றுப்பெறுவதும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழும். இவ்வடுக்கு உடுக்கைப் பாட்டின் உரைப்பகுதியிலும் உள்ளதே. சங்கர் வாளெடுத்து, குதிரையேறி, ஆற்றைக் கடந்து என எச்சங்களால் கதை ஓடும்போது, முற்றுவினையைக் கேட்கும்வரை கேட்போர் மூச்சடக்கி இருப்பர். முற்று வந்ததும் துணைக்கலைஞர் ஆமோதிப்பார். தமிழ் வானொலியில் அந்த ஆமோதிப்பின் இடத்தில் புள்ளிவிவரம் சொல்பவரின் குரல் வந்தது. கடந்த பந்தோடு ஓவர் முடிந்தது, எண்ணிக்கை இத்தனை என்று அவர் சொல்லி நிறுத்த, முதன்மை வருணனையாளர் அடுத்த முனையிலிருந்து ஓடிவரும் வீச்சாளரின் பெயரைச் சொல்லித் தொடங்குவார்.